ஐந்து மில்லிமீட்டர் குயில்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் காட்டுத் தேனீக்களைக் கணக்கெடுப்பவர்கள் மஞ்சள், நீலம், வெள்ளை வண்ணம் பூசிய சின்னக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் புல்தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். பூவென்று எண்ணி இறங்கும் பூச்சிகள் அதில் மூழ்கிவிடும். மாலையில் வடிகட்டினால் ஈ, எறும்பு, குளவி, தேனீ எல்லாம் கலந்து கிடைக்கும். அந்தக் கும்பலில் எப்போதாவது, கறுப்புத் தலை, கறுப்பு மார்பு, செம்பழுப்பு வயிறு என்று 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்று தட்டுப்படும். பழக்கமில்லாதவர் அதை எறும்பு என்றோ பொடிக் குளவி என்றோ ஒதுக்கிவிடுவார். உண்மையில் அது ஒரு தேனீ. ஹோல்கோபசைட்டஸ் கலியாப்சிடிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அது தேன் சேர்ப்பதில்லை, மகரந்தம் சுமப்பதில்லை, கூடும் கட்டுவதில்லை. வேறொரு தேனீ பாடுபட்டுக் கட்டிய கூட்டுக்குள் புகுந்து முட்டையிட்டுவிட்டு வெளியேறிவிடும். காக்கைக் கூட்டில் குயில் செய்கிற அதே காரியம்தான். இந்த வகைத் தேனீக்களுக்குக் குயில் தேனீக்கள் என்றே பெயர்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள தேனீச் சிற்றினங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமானவை பிற தேனீக்களின் உழைப்பில் பிழைப்பவை. நோமடினே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நம் ஹோல்கோபசைட்டஸும் அதில் அடக்கம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது பூச்சியியலில் மிகவும் கண் வலிக்கும் வேலைகளில் ஒன்று. ஆனால் அந்த வேலையில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. இந்தத் தேனீயை அடையாளம் காண நாம் பார்க்கும் அங்கங்களில் பெரும்பாலானவை அதன் பிழைப்போடு நேரடித் தொடர்புடையவை. எது தேவையில்லாமல் போயிற்றோ அது உடம்பிலிருந்து மறைந்திருக்கிறது. எது அவசியமோ அது வலுப்பட்டிருக்கிறது. எனவே பெயரைத் தேடிப் போகிறவர், போகிற வழியிலேயே அதன் வாழ்க்கையையும் தெரிந்துகொள்கிறார்.

முதலில் பூச்சியைக் குளிப்பாட்ட வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறிய தேனீயின் மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உடம்பே மொழுக்கென்று தெரியும். ஹோல்கோபசைட்டஸின் வயிற்றில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அவை தோலின் நிறமல்ல, படிய வாரியதுபோல் கிடக்கும் நுண்மயிர்க் கற்றைகள். நனைந்துவிட்டால் அவை கண்ணுக்கே தெரியாது. அதனால் வெதுவெதுப்பான நீரில் அலசி, ஆல்கஹாலில் முக்கி, தலைமுடி உலர்த்தும் கருவியின் காற்றில் காட்டி, மயிரை மறுபடி எழுப்புகிறார்கள். மேரிலாந்தில் உள்ள அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேனீ ஆய்வுக்கூடம் இந்த முறையைப் பலருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. சாம் ட்ரோகியின் தலைமையில் அங்கே எடுக்கப்பட்ட தேனீப் படங்கள் உலகெங்கும் பரவியவை. ஒரு மயிர்கூட ஒட்டாமல் நிற்கும் அந்தப் படங்களுக்குப் பின்னால் இந்தக் குளியல் இருக்கிறது. இத்தனை சிறிய உடம்பில் ஊசி குத்தினால் மார்பே சிதைந்துவிடும். ஆகவே ஊசியின் பக்கவாட்டில், அல்லது ஊசியில் செருகிய சிறு காகித முக்கோணத்தின் நுனியில், ஒரு துளி பசையால் ஒட்டிவைக்கிறார்கள்.

நுண்ணோக்கியின் கீழே வந்ததும் முதலில் எழும் கேள்வி, இது தேனீயா குளவியா என்பதுதான். தேனீக்கள் வேட்டைக் குளவிகளின் வம்சத்திலிருந்து பிரிந்து வந்தவை. இரை பிடிப்பதை விட்டு மகரந்தத்துக்கு மாறியபோது அவற்றின் மயிர் கிளைவிட்டது. குளவியின் மயிர் ஒற்றை இழை. தேனீயின் மயிரில் இறகைப்போலப் பக்கக் கிளைகள் இருக்கும். பின்னங்காலின் பாதத்தில் முதல் கணு தேனீயிடம் தட்டையாக அகன்றிருக்கும், குளவியிடம் மெலிந்திருக்கும். குயில் தேனீ மகரந்தம் சேர்ப்பதை எப்போதோ கைவிட்டுவிட்டது. அதனால் அதன் உடம்பில் மயிர் குறைவு, பார்வைக்கு அது குளவியாகவே தெரிகிறது. ஆனாலும் அந்த வெள்ளைத் திட்டுகளின் மயிரை 40 மடங்கு பெருக்கிப் பார்த்தால் கிளைகள் தெரிந்துவிடும். முன்னோரின் தொழில் போய்விட்டது, அதன் தடயம் போகவில்லை. குயில் தேனீக்களில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கிளைவிட்ட மயிர்தான்.

அடுத்து, இது ஒட்டுண்ணிதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். கூடு கட்டும் பெண் தேனீக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னங்காலிலோ வயிற்றின் அடியிலோ அடர்ந்த மயிர்த் தூரிகை உண்டு. மகரந்தத்தை அதில் அப்பிக்கொண்டுதான் வீடு திரும்பும். குயில் தேனீயிடம் அந்தத் தூரிகை அறவே இல்லை. ஆனால் தூரிகை இல்லாததெல்லாம் ஒட்டுண்ணி என்று முடிவுகட்டக் கூடாது. இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஆண் தேனீ எதுவும் மகரந்தம் சுமப்பதில்லை, எனவே எந்த இனத்து ஆணிடமும் தூரிகை இருக்காது. பொதுவாக உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. மேலிருந்து பார்த்தால் பெண்ணின் வயிற்றில் 6 தகடுகளும் ஆணின் வயிற்றில் 7 தகடுகளும் தெரியும். முதலில் இதை எண்ணிவிட வேண்டும். இரண்டாவது பொறி ஹைலியஸ் என்ற பேரினம். கறுப்பு உடம்பும் முகத்தில் மஞ்சள் குறியும் கொண்ட இந்தப் பொடித் தேனீ, மகரந்தத்தை விழுங்கி உணவுப்பையில் சுமந்துபோய்க் கூட்டில் கக்குகிறது. அதனிடமும் தூரிகை கிடையாது, ஆனால் அது நேர்மையாக உழைக்கும் தேனீ.

தூரிகையோடு போனவை இன்னும் சில. மண்ணுக்குள் கூடு தோண்டும் தேனீயின் பின்னங்கால் முட்டிக்கருகே சிறு தட்டு ஒன்று இருக்கும். குறுகிய சுரங்கத்தில் ஏறி இறங்கும்போது சுவரில் காலை ஊன்றிக்கொள்ள அது உதவும். தோண்டாத நோமடினேவிடம் அந்தத் தட்டு இல்லை. இரவு தங்கக் கூடும் இல்லாததால் பல குயில் தேனீக்கள் ஒரு புல்லின் நுனியைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒடுக்கி, விறைத்தாற்போல் நீட்டி நின்று தூங்குகின்றன.

கூடியது என்னவென்று பார்த்தால், கவசம். ஹோல்கோபசைட்டஸின் தலையும் மார்பும் நெருக்கமான குழிகளால் நிறைந்தவை. தோல் தடித்தது. அத்துமீறி நுழைகிற வீட்டில் சொந்தக்காரி திரும்பி வந்துவிட்டால் கடியும் கொட்டும் கிடைக்கும். அதைத் தாங்க இந்தத் தடித்த ஓடு உதவுகிறது. வகைப்பாட்டாளர்களுக்கு இந்தக் குழிகள் பெரிய சொத்து. அவை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், இரண்டு குழிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு குழியின் குறுக்களவைவிடக் குறைவா, சமமா, கூடுதலா, இடையில் உள்ள பரப்பு மின்னுகிறதா மங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். பார்ப்பது சுலபமில்லை. விளக்கை நேராகப் பாய்ச்சினால் கறுத்த ஓடு பளீரென்று எதிரொளித்து எல்லாக் குழிகளையும் விழுங்கிவிடும். பூச்சியைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதச் சுருளை நிறுத்தி, ஒளியை அதில் பட்டுச் சிதறவைத்தால்தான் மேற்பரப்பு துலங்கும். இனங்காண உதவும் திறவுகோல் நூலில் ஒரு வரி புரியவில்லை என்றால் பல சமயம் குறை நூலில் இருக்காது, வெளிச்சத்தில் இருக்கும்.

இனி, எந்தப் பேரினம்? சிவந்த வயிறுள்ள சின்னக் குயில் தேனீக்கள் வட அமெரிக்காவில் பல உண்டு. இங்கே சிறகைத்தான் நம்ப வேண்டும். முன்சிறகின் விளிம்பை ஒட்டி நரம்புகள் சிறு அறைகளை வகுக்கின்றன. நோமடா என்ற குயில் தேனீப் பேரினத்தில் வழக்கமாக அந்த அறைகள் 3, ஹோல்கோபசைட்டஸில் 2. மிக எளிதில் குழப்பக்கூடியது ஸ்ஃபெகோடீஸ். அதற்கும் கறுப்பு மார்பு, சிவப்பு வயிறு. ஆனால் அதன் வயிறு பளபளப்பாக இருக்கும், வெள்ளை மயிர்த்திட்டுகள் இருக்காது. சிறகின் நடுவில் குறுக்காக ஓடும் அடிநரம்பு அதனிடம் வில்லாக வளைந்திருக்கும். அந்த வளைவு ஹாலிக்டிடே குடும்பத்தின் முத்திரை. ஸ்ஃபெகோடீஸும் நோமடினேவும் உறவில் வெகுதூரம் விலகியவை. இரண்டும் தனித்தனியே திருட்டுப் பிழைப்புக்கு வந்து ஏறக்குறைய ஒரே உருவத்தை எட்டியிருக்கின்றன. கலிபோர்னியா, அரிசோனா பாலைநிலங்களில் இன்னும் சிறிய நியோலாரா பறக்கிறது. பெர்டிட்டா என்னும் பொடித் தேனீக்களின் கூட்டை அண்டி வாழும் அதில் 3 மில்லிமீட்டர் அளவே உள்ளவை உண்டு. உடம்பு அந்த அளவுக்குச் சுருங்கும்போது சிறகின் நரம்புகளும் குறைந்துபோகின்றன. பெரிய தேனீயில் தெளிவாகத் தெரியும் அறைகள் அதில் மிகக் குறுகி, சில காணாமலே போய்விடுகின்றன.

பேரினம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஹோல்கோபசைட்டஸில் இருபதுக்கும் குறைவான சிற்றினங்களே இருக்கின்றன, எல்லாம் வட, மத்திய அமெரிக்கப் பகுதிக்கு உரியவை. இல்லினாய் மாநிலத்தின் கார்லின்வில் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பல்லாண்டுகள் குறித்துவைத்த சார்ல்ஸ் ராபர்ட்சன், இவற்றில் இரண்டை 1890-களில் விவரித்தார். கலியாப்சிடிஸுக்கு 1943-இல் பெயரிட்டவர் கலிபோர்னியாவின் இ. கார்ட்டன் லின்ஸ்லி. பின்னர் அவரும் பால் ஹர்டும் சேர்ந்து முழுப் பேரினத்தையும் ஆராய்ந்து எழுதிய நூலை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1972-இல் வெளியிட்டது. இன்றும் இந்தப் பேரினத்தைத் தொடுகிறவர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வயிற்றின் மேல்தகடுகளில் வெள்ளைத் திட்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன, குழிகளின் நெருக்கம் எப்படி, கால்களும் வயிறும் என்ன நிறம் என்பவற்றை வைத்துச் சிற்றினத்தைப் பிரிக்கிறார்கள். இதில் நிறத்தை மட்டும் முழுக்க நம்பக் கூடாது. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் நிறத்தில் மாறுபடலாம். வயதான தேனீயின் திட்டுகள் உராய்ந்து உதிர்ந்தும் போயிருக்கும். உதிர்ந்த மயிரின் அடித்தடங்களை வைத்துத்தான் அப்போது திட்டை ஊகிக்க வேண்டும்.

ஆனால் மிக நல்ல தடயம் பூச்சியின் உடம்புக்கு வெளியே இருக்கிறது. எந்தக் கூட்டைச் சுற்றியது என்பதே அது. கலியாப்சிடிஸ் என்ற பெயரே அது அண்டிப் பிழைக்கும் கலியாப்சிஸ் தேனீயைக் குறிப்பது. கலியாப்சிஸ் ஆண்ட்ரெனிஃபார்மிஸ் அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் கோடையில் பறக்கும் தேனீ. 6, 7 மில்லிமீட்டர் நீளம். ஆணின் முகமும் கால்களும் எலுமிச்சை மஞ்சள், கண்கள் பச்சை. பெண்ணுக்கு இருண்ட உடம்பு, முகத்தில் வெளிறிய குறிகள். புல்வெளியில் பூக்கும் வெள்ளை க்ளோவர் அதற்கு மிகவும் பிடித்தமான பூக்களில் ஒன்று. மனிதர்கள் நடந்து நடந்து இறுகிப்போன ஒற்றையடிப் பாதை, விளையாட்டுத் திடலின் ஓரம் போன்ற வெற்று மண்ணில் கூட்டமாகத் துளை போட்டு, சில அங்குல ஆழத்தில் அறை கட்டி, மகரந்தத்தை உருண்டையாக்கி அதன்மேல் முட்டையிடும். ஆல்வின் ஷின் 1967-இல் இந்தத் தேனீயின் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். துளைகளுக்கு மேலே தரையை ஒட்டித் தாழப் பறந்து, நின்று, மறுபடி பறக்கும் சின்னச் சிவப்பு உருவத்தைக் கண்டால், அதன் பெயர் பாதிக்கு மேல் உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாம். வெறும் கிண்ணத்தில் கிடைத்த தேனீயிடம் இந்தத் தகவல் இருக்காது. அதனால் கிண்ணம் வைப்பதோடு நிற்காமல், சுற்றியுள்ள தரையையும் குனிந்து பார்க்க வேண்டும்.

கலியாப்சிஸ் பெண் பூவுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஹோல்கோபசைட்டஸ் உள்ளே நுழைகிறது. அறை இன்னும் மூடப்படாமல் திறந்திருக்கும். முட்டையை உருண்டைமேல் பகிரங்கமாக வைத்தால் திரும்பி வருபவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நோமடினே தேனீக்கள் முட்டையை அறைச் சுவருக்குள் செருகி மறைக்கின்றன. இதற்கு வயிற்றின் நுனியில் தனிக் கருவி வேண்டும். பெண்ணின் ஆறாவது அடித்தகடு உருமாறி அந்த வேலைக்கு உதவுகிறது. உறவினர்களான எபியோலஸ், ட்ரைஎபியோலஸ் இரண்டிலும் இந்தத் தகடு இரு கைகளாகப் பிளந்து, நுனியில் பற்களோ முட்களோ கொண்டிருக்கும். எபியோலஸ் அண்டும் கொலெட்டஸ் தேனீ, தன் அறைக்குள் கண்ணாடித்தாள்போன்ற மெல்லிய படலத்தைப் பூசுகிறது. அந்தப் படலத்தைக் கீறி முட்டையைப் புதைக்கத்தான் அந்தப் பற்கள். இந்த இரு பேரினங்களின் பெண்களைப் பிரித்தறியவும் அதே தகட்டின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். வயிற்று நுனியை ஊசிமுனையால் மெல்ல இழுத்து அந்தக் கைகளைப் பார்த்த கணத்தில் பெயரும் தெரிகிறது, தொழிலும் தெரிகிறது.

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஜெரோம் ரோசன், இந்த முட்டைகளையும் புழுக்களையும் தேடித் தோண்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஹோல்கோபசைட்டஸ், நியோலாரா ஆகியவற்றைப் பற்றி 1965-இல் எழுதியவரும் அவரே. முட்டையிலிருந்து வெளிவரும் நோமடினேயின் முதல்நிலைப் புழு, நாம் அறிந்த தேனீப் புழுவைப் போல வெள்ளையாய் மெத்தென்று இருப்பதில்லை. தலை தடித்து இறுகி முன்னோக்கி நீண்டிருக்கும். தாடைகள் அரிவாளாக வளைந்திருக்கும். அது நகர்ந்து சென்று, அறைக்கு உரிய முட்டையை அல்லது புழுவைக் கொன்றுவிடும். போட்டிக்கு இன்னொரு குயில் தேனீயின் புழு இருந்தால் அதையும் விடாது. பிறகு தோலுரிக்கும்போது அந்த அரிவாளும் போய்விடும். மிச்ச நாள் முழுக்க அது மகரந்த உருண்டையைத் தின்று கொழுக்கும் சாதாரணப் புழுதான். வளர்ந்து வெளிவரும் தேனீயிடம் கொலைக் கருவியின் சுவடு எதுவும் மிஞ்சியிருக்காது. பைரன் அலெக்சாண்டரும் ரோசனும் 1987-இல் காட்டியபடி, உள்ளே இன்னொரு சுவடு உண்டு. கூடு கட்டும் தேனீ உணவு திரட்டும் வேகத்துக்குத்தான் முட்டையிட முடியும். குயில் தேனீக்கு அந்தத் தடை இல்லை. அதன் சூலகத்தில் முதிர்ந்த முட்டைகள் பல ஒரே நேரத்தில் தயாராக இருக்கும். பல நோமடினேவில் சூலகக் குழல்களின் எண்ணிக்கையும் வழக்கமான நான்கைத் தாண்டும்.

வாசனையையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனெனில் நம் கண்ணுக்குப் படாத அடையாளம் அது. ஸ்வீடனைச் சேர்ந்த யான் டெங்கோவும் குன்னார் பெரிஸ்ட்ரோமும் 1977-இல் நோமடாவின் ஆண்களிடம் ஒரு சுரப்பைக் கண்டார்கள். ஆண்ட்ரெனா என்ற பேரினத்தில் எந்தத் தேனீயின் கூட்டில் அந்த நோமடா புகுமோ, அந்த ஆண்ட்ரெனாப் பெண்ணின் வாசனைப் பொருளே அதில் இருந்தது. கலவியின்போது ஆண் அதைப் பெண்மேல் தெளிப்பதாக அவர்கள் கருதினார்கள். கூட்டுக்காரியின் மணத்தைப் பூசிக்கொண்டு போகிறவளை வீட்டார் சந்தேகிப்பது கடினம்.

உருவத்தை நம்பி அடையாளம் காண்பதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. தூரிகை போவதும் தோல் தடிப்பதும் குழிகள் நெருங்குவதும் திருட்டுப் பிழைப்புக்கு வந்த எல்லா வம்சத்திலும் நடக்கும். எனவே இவை ஒற்றுமையாகத் தெரிந்தாலும் உறவுக்குச் சாட்சி ஆகா. எபிடே குடும்பத்தின் குயில் தேனீக்களை மரபணு வரிசைகளைக் கொண்டு சோஃபி கார்டினால், யாகுப் ஸ்ட்ராகா, பிரையன் டான்ஃபோர்த் மூவரும் 2010-இல் ஆராய்ந்தபோது, அந்தக் குடும்பத்தில் இந்தப் பழக்கம் நான்கு முறைதான் தோன்றியிருக்கிறது என்று தெரியவந்தது. அவற்றில் மிகப் பழையது ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதாவது டைனோசர்கள் உலவிய காலத்திலேயே ஏதோ ஒரு தேனீ மற்றொன்றின் கூட்டுக்குள் முட்டையைச் செருகிக்கொண்டிருந்தது. இன்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி முறையில், ஒரு காலின் துண்டைக் கொடுத்தாலே சிற்றினத்தைக் கண்டுகொள்ள வாய்ப்புண்டு. ஆனால் பட்டைக்குறிக்குப் பொருள் வரவேண்டுமானால், முன்பே யாரோ ஒருவர் குழியையும் மயிரையும் பார்த்துச் சரியாகப் பெயரிட்ட தேனீ ஒன்று பட்டியலில் இருக்கவேண்டும்.

நம் பக்கத்துக் குயில் தேனீக்களும் இதே பார்வைக்குக் காத்திருப்பவைதான். தோட்டத்தில் துளசிப் பூவைச் சுற்றும் நீலக்கோட்டுத் தேனீயான அமெகில்லாவின் கூட்டைக் குறிவைக்கும் தைரியஸ், கறுப்பில் நீல வெண்புள்ளிகளோடு எளிதில் கண்ணில் படும். அது பெரியது. பொடியவற்றில், உலர்ந்த செடித்தண்டுக்குள் குடியிருக்கும் பிரான்சாபிஸ் மிக்ஸ்டாவின் வீட்டில் ஒண்டி வாழும் பிரான்சாபிஸ் கலியாகோவை இந்தியாவில் சூசன் பாத்ராவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் கவனித்து 1993-இல் எழுதினார்கள். இங்கே ஒட்டுண்ணியும் வீட்டுக்காரியும் ஒரே பேரினம், நெருங்கிய சொந்தம். அதனால் இவற்றைப் பிரிப்பது இன்னும் கடினம்.

கார்லின்வில்லில் ராபர்ட்சன் செய்ததுபோல் இத்தனை நுணுக்கமாகப் பெயர் வைப்பதற்கு நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. வீட்டுக்காரி பெருகி இருக்கும் இடத்தில்தான் குயில் தேனீ பிழைக்கும். கலியாப்சிஸ் நான்கைந்து மட்டும் எஞ்சிய திடலில் ஹோல்கோபசைட்டஸ் தாக்குப்பிடிக்காது. ஒரு நிலத்தின் தேனீச் சமூகம் சீர்குலையும்போது முதலில் அடிபடுவது இந்தக் கடைசிப் படியில் உள்ளவைதான் என்று கனடாவில் கோரி ஷெஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் 2013-இல் வாதிட்டார்கள். குயில் தேனீக்களின் வகையையும் எண்ணிக்கையையும் வைத்தே நிலத்தின் நலத்தை அளக்கலாம் என்றார்கள். ஆகவே சோப்புத் தண்ணீரிலிருந்து ஒரே ஒரு ஹோல்கோபசைட்டஸ் கிடைத்தாலும், விவரமறிந்த கணக்கெடுப்பாளர் அதை இதரப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை. அலசி, உலர்த்தி, ஊசியோரம் ஒட்டி, கீழே மிகச் சிறிய எழுத்தில் இடம், நாள், அருகே எந்தத் தேனீயின் கூடுகள் இருந்தன என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதிவைக்கிறார்.